காதைப் பார்க்கப் பழகலாம்: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

மனிதருக்கும் விலங்குகளுக்கும் காது எப்படி வேறுபடுகிறது என்று தேடினால் பெரும்பாலும் ஓர் அட்டவணைதான் கையில் கிடைக்கும். மனிதர் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, நாய் 45,000 வரை, பூனை 60,000க்கும் மேல் என்று வரிசையாக எண்கள். எண்களில் தவறில்லை. ஆனால் அதை மனப்பாடம் செய்த பிள்ளையிடம் சுவரில் இருக்கும் பல்லியைக் காட்டி, "இதுக்குக் காது எங்கே?" என்று கேட்டால் பதில் வராது. காதைப் பற்றித் தெரிந்துகொள்ள நல்ல வழி, பக்கத்தில் இருக்கும் காதுகளை ஒவ்வொன்றாக நேரில் பார்ப்பதுதான். வீடு, தொழுவம், தெருவிளக்கு, மீன் சட்டி, இவ்வளவு போதும். காட்டுக்குப் போக வேண்டியதில்லை.

பார்க்கும்போது ஒரே ஒரு கேள்வியை விடாமல் கேளுங்கள்: ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை இந்த உயிர் எப்படிக் கண்டுபிடிக்கிறது? எவ்வளவு தூரம் கேட்கும், எவ்வளவு மெல்லிய ஒலி கேட்கும் என்பதெல்லாம் அப்புறம். புதரில் சரசரப்பு கேட்டால் மட்டும் போதாது, அது எந்தப் பக்கம் என்று தெரிந்தால்தான் இரையைப் பிடிக்கவோ, தான் இரையாகாமல் தப்பவோ முடியும். காதுகளின் விதவிதமான வடிவங்களில் பெரும்பகுதி இந்தக் கேள்விக்கான விடைகள்தான்.

தேவையானவை: ஒரு நோட்டு, பென்சில், டார்ச், பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு கைலென்ஸ். போன் கேமரா இருந்தால் நல்லது. ஒரு நிபந்தனை உண்டு. காட்டுயிர் எதையும் பிடிக்கக் கூடாது. ஆந்தை, வௌவால், பாம்பு போன்றவை 1972ஆம் ஆண்டின் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. தள்ளி நின்று பார்த்தாலே போதுமான அளவு தெரியும்.

முதல் படி: உங்கள் காது

காதைத் தடவிப் பாருங்கள். மேல்பகுதி விறைப்பாக இருக்கும், உள்ளே குருத்தெலும்பு. தோடு குத்தும் கீழ்ப்பகுதியில் அது இல்லை, தோலும் கொழுப்பும் மட்டுமே. அதனால்தான் தென்மாவட்டங்களில் தண்டட்டியும் பாம்படமும் போட்ட பாட்டிமாருக்குக் காது தோளைத் தொடுமளவு வளர்ந்தாலும் கேட்பதில் குறை வரவில்லை. கேட்பதற்கு உதவுபவை மேலே இருக்கும் மேடுபள்ளங்கள். எப்படி உதவுகின்றன என்பதை ஒரு சோதனை செய்து பார்த்துவிடலாம்.

வீட்டில் ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்துக் கண்ணைக் கட்டுங்கள். சாவிக்கொத்தை அவருக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் மாற்றி மாற்றிக் குலுக்குங்கள். தலையை ஆட்டாமல் திசையைக் கைகாட்டச் சொல்லுங்கள். சரியாகக் காட்டுவார். அடுத்து நேர் முன்னால், நேர் பின்னால், உச்சந்தலைக்கு மேல். இந்த மூன்று இடங்களும் இரண்டு காதுக்கும் சமதூரம். இருந்தும் பெரும்பாலும் சரியாகவே சொல்வார். இப்போது காதுத் துளையை மூடாமல், மடலை மட்டும் தலையோடு ஒட்டி அமுக்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு மறுபடி குலுக்குங்கள். இடம் வலம் தப்பாது. முன், பின், மேல் ஆகியவற்றில் தடுமாற ஆரம்பிப்பார்.

காரணம் இதுதான். ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. வலப்பக்கம் எழும் ஒலி வலது காதுக்கு முதலிலும் இடது காதுக்குச் சற்றுத் தாமதமாகவும் சேரும். அந்தத் தாமதம் அதிகபட்சம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. இருந்தாலும் மூளை அதைப் பிடித்துவிடுகிறது. கூடவே, தலை மறைப்பதால் தூரக் காதில் ஒலி கொஞ்சம் மங்கும். இந்த இரண்டையும் வைத்து இடம் வலம் தெரிகிறது. மேல் கீழ், முன் பின் தெரிவதற்கு மடலின் மேடுபள்ளங்கள் வேண்டும். அவற்றில் பட்டுத் திரும்பும்போது ஒலியின் சில பகுதிகள் கூடும், சில குறையும். மேலிருந்து வந்தால் ஒருமாதிரி, பின்னாலிருந்து வந்தால் வேறுமாதிரி.

உங்கள் காதின் மேடுபள்ளம் உங்களுக்கு மட்டுமே உரியது. மூளை அதைச் சிறுவயதிலிருந்து படித்து வைத்திருக்கிறது. 1998இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் சிலரின் காது மடலுக்குள் அச்சு வைத்து அதன் வடிவத்தை மாற்றிப் பார்த்தார்கள். மேல் கீழ் உணர்வு உடனே குலைந்துபோனது. அச்சை எடுக்காமலேயே சில வாரங்கள் போனதும் திரும்பி வந்தது. அச்சை எடுத்த பிறகு பழைய காதிலும் உடனே சரியாகவே கேட்டது. புதிய காதைக் கற்றபோது மூளை பழையதை மறக்கவில்லை.

உள்ளே இருப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள குழல், அதன் முடிவில் செவிப்பறை, அதற்குப் பின்னால் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று குட்டி எலும்புகள். அங்கவடி சுமார் 3 மில்லிமீட்டர்தான், உடம்பிலேயே சிறிய எலும்பு அது. அதற்கும் உள்ளே திரவம் நிரம்பிய, நத்தைக்கூடு வடிவச் சுருள். அதில் இருக்கும் நுண்மயிர்ச் செல்கள் அதிர்வை நரம்புக்குத் தரும் மின் குறிப்பாக மாற்றுகின்றன. சுருளை ஒட்டியே இருக்கும் மூன்று அரைவட்டக் குழல்கள் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொல்லும். கேட்பதற்கு அவை உதவுவதில்லை. ராட்டினத்தில் சுற்றி இறங்கியதும் தலை கிறுகிறுப்பது அவற்றுக்குள் இருக்கும் திரவம் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால்தான்.

போனில் ஒலி அதிர்வெண் எழுப்பும் செயலி ஒன்றை இறக்கி, சத்தத்தைக் குறைவாக வைத்து, 8,000 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல ஏற்றிக்கொண்டே போங்கள். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் எந்த இடத்தில் கேட்பது நிற்கிறது என்று குறியுங்கள். பள்ளிப் பிள்ளைக்குக் கேட்பது தாத்தாவுக்குக் கேட்காது. கூர்மையான, அதாவது அதிர்வெண் கூடிய, ஒலிகளைப் பிடிக்கும் நுண்மயிர்ச் செல்கள் சுருளின் வாசலிலேயே இருக்கின்றன, முதலில் போவதும் அவைதான். நமக்கு அவை போனால் போனதுதான், திரும்ப முளைக்காது.

காதைக் குடையாதீர்கள். பஞ்சுக்குச்சி, ஹேர்பின், கோழி இறகு எதுவும் வேண்டாம். குறும்பி அழுக்கு இல்லை. தூசியும் பூச்சியும் உள்ளே போகாமல் பிடித்துவைத்து, தானே மெல்ல வெளியே நகர்ந்து வந்துவிடும். குச்சி அதை உள்ளேதான் தள்ளும்.

இரண்டாம் படி: பூனையும் நாயும்

தூங்கும் பூனையின் பக்கத்தில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் பையை மெல்லக் கசக்குங்கள். கண் திறக்காது, உடம்பும் அசையாது, காது மட்டும் உங்கள் பக்கம் திரும்பும். இடம் மாறிக் கசக்கினால் அதுவும் மாறும். சில சமயம் ஒரு காது உங்கள் பக்கமும் மறு காது வாசல் பக்கமும் இருக்கும். ஒவ்வொரு காதையும் இழுத்துத் திருப்ப இருபதுக்கும் மேற்பட்ட தசைகள் உண்டு. நமக்கும் அந்தத் தசைகளின் மிச்சம் இருக்கிறது. அதனால்தான் சிலரால் காதை ஆட்டிக்காட்ட முடிகிறது. ஆனால் திசை பார்க்க அது உதவாது. நாம் கழுத்தைத் திருப்பிச் செய்வதை, பூனை காதைத் திருப்பிச் செய்துவிடுகிறது. பதுங்கியிருக்கும்போது தலையை அசைக்காமல் இருப்பது அதற்கு எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள்.

அதிர்வெண் விஷயத்துக்கு வருவோம். பூனைக்கு ஏன் அவ்வளவு மேலே வரை கேட்க வேண்டும்? எலிகள் நமக்குக் கேட்காத மீயொலியில் பேசிக்கொள்கின்றன என்பது ஒரு காரணம். இன்னொன்று, தலையின் அளவு. எலியை வைத்துப் பார்த்தால் இது புரியும். அதன் தலை சின்னது. இரண்டு காதுக்கும் இடையில் நேர வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லை. ஒரு காதுப் பக்கம் ஒலி மங்க வேண்டுமென்றால் தலை அதை மறைக்க வேண்டும். தாழ்ந்த ஒலியின் அலை நீளமானது, சின்னத் தலையைச் சுற்றிக்கொண்டு போய்விடும். மிகக் கூர்மையான ஒலியை மட்டுமே சின்னத் தலையால் மறைக்க முடியும். எனவே தலை சிறுக்கச் சிறுக்க மேல் எல்லை உயர்கிறது. எலி 80,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் கேட்கும். அமெரிக்காவில் ரிக்கி ஹெஃப்னர், ஹென்றி ஹெஃப்னர் இணையர் விலங்கு விலங்காகச் சோதித்து இதை நிறுவினார்கள். மண்ணுக்கடியிலேயே வாழும் சில எலியினங்கள் இந்த விதிக்கு விலக்கு. வளைக்குள் ஒலி முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோதான் வரும், திசை தேட வேண்டியதில்லை, அவற்றுக்குக் கூர்மையான ஒலியும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால், அட்டவணை முழுவதையும்விட இந்த விலக்கு ஒன்று அதிகம் சொல்லித்தருகிறது.

பூனைக் காதின் வெளிவிளிம்பில், கீழே, தோல் மடிந்து ஒரு சின்னப் பை தெரியும். அதையும் நோட்டில் வரைந்து வையுங்கள்.

நாயிடம் காதின் நிலையைக் கவனிக்கப் பழகுங்கள். நிமிர்ந்து முன்னோக்கி இருந்தால் எதையோ உன்னிப்பாகக் கவனிக்கிறது. பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தால் பயம், அல்லது பணிவு. காதை ஒட்டவைத்து உடம்பையும் விறைத்து நிற்கும் தெருநாயை நெருங்காதீர்கள். நாயின் காதுக்குழல் நேராக உள்ளே போகாது. முதலில் கீழ்நோக்கி இறங்கி, பிறகு வளைந்து உள்ளே போகும். குளிப்பாட்டும்போது தண்ணீர் உள்ளே போனால் அங்கேயே தங்கிவிடும். தொங்கு காது என்றால் காற்றும் படாது, புண் வரும். குளிப்பாட்டி முடித்ததும் மடலைத் தூக்கித் துடைத்துவிடுவதைப் பழக்கமாக்குங்கள்.

தொங்கு காது எங்கிருந்து வந்தது? காட்டில் வாழும் பாலூட்டிகளில் வளர்ந்த பிறகும் காது தொங்குவது அபூர்வம், யானையை விட்டுவிட்டால் சொல்வதற்கு ஆள் இல்லை. வீட்டு விலங்குகளில் நாய், ஆடு, மாடு, பன்றி, முயல் என்று எல்லாவற்றிலும் உண்டு. டார்வினே 1859இல் இதைக் குறித்திருக்கிறார். 1959இல் சோவியத் ஒன்றியத்தில் திமித்ரி பெல்யாயெவ் நரிகளில் சாதுவானவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து இனம்பெருக்கத் தொடங்கினார். தலைமுறைகள் போகப்போக, யாரும் காதைத் தேர்ந்தெடுக்காமலேயே, தொங்கு காதுள்ள குட்டிகளும் பிறந்தன.

தீபாவளி நேரத்தில் நாய் கட்டிலுக்கடியில் நடுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகப் பல ஆண்டுகளாக வெடியே வெடிப்பதில்லை. அந்த ஊர்க்காரர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

மூன்றாம் படி: தொழுவம்

மாட்டுக்குப் பெரிய காது, நன்றாகத் திரும்பும், 35,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். இவ்வளவு இருந்தும் திசை காண்பதில் மாடு மிகவும் பின்தங்கியது. நாம் ஏறத்தாழ ஒரு டிகிரி நகர்வைக்கூடக் கண்டுபிடிப்போம், பூனைக்கு ஐந்தாறு டிகிரி வேண்டும், மாட்டுக்கோ 30 டிகிரி வேண்டும். ஹெஃப்னர் இணையர் இதற்குச் சொன்ன விளக்கம் அழகானது. காதின் வேலை, கண்ணை எங்கே திருப்புவது என்று சொல்வது. நமக்கும் பூனைக்கும் கண்ணின் கூர்மை ஒரு சின்ன இடத்தில்தான். அந்த இடத்தைச் சரியாகக் குறிவைக்கக் காது துல்லியமாக இருக்க வேண்டும். மாட்டுக்கு அடிவானம் முழுக்க ஒரே நேரத்தில் ஓரளவு தெளிவாகத் தெரியும். "அந்தப் பக்கம்" என்று காது பொதுவாகச் சொன்னாலே போதும்.

மாடு வளர்ப்பவர்கள் காதைத் தொட்டுப் பார்ப்பதைக் கவனியுங்கள். கன்று போட்ட பசு சோர்ந்து படுத்து, காது ஜில்லென்று இருந்தால் சுண்ணாம்புச்சத்து இறங்கிய பால் காய்ச்சலாக இருக்கலாம். பெயர்தான் காய்ச்சல், உடம்பு குளிர்ந்துதான் போகும். தாமதிக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டிய நேரம் அது.

நோட்டில் இனத்துக்கு இனம் காதை வரைந்து ஒப்பிடுங்கள். காங்கேயம் மாட்டின் காது சின்னது, நிமிர்ந்தது. குஜராத்தின் கிர் மாட்டுக்கு இலையைச் சுருட்டியது போல நீண்டு தொங்கும். வெள்ளாட்டில் ஜமுனாபாரியைப் பார்த்தால் காதின் நீளமே முதலில் கண்ணில் படும்.

நான்காம் படி: கோழியும் ஆந்தையும்

கோழியைத் தூக்கி மடியில் வைத்து, கண்ணுக்குப் பின்னால் இருக்கும் சிறு இறகுக் கொத்தை மெல்ல ஊதுங்கள். இறகு விலகும்போது துளை தெரியும். அதுதான் காது. மடல் கிடையாது. கீழே சிவப்பாகவோ வெள்ளையாகவோ இருக்கும் சதைக்கும் கேட்பதற்கும் தொடர்பில்லை. பறவைக்கு நடுக்காதில் ஒரே ஒரு எலும்புதான். ஆனால் ஒரு விஷயத்தில் கோழி நம்மைவிடக் கொடுத்து வைத்தது. பேரிரைச்சலில் அதன் நுண்மயிர்ச் செல்கள் அழிந்தாலும் மறுபடி முளைத்துவிடும். 1980களில் இது தெரியவந்ததிலிருந்து, மனிதருக்கும் அப்படி முளைக்கவைக்க வழி தேடும் ஆய்வு நடந்துகொண்டே இருக்கிறது.

கோபுரத்திலும் பாழடைந்த கட்டடங்களிலும் தங்கும் கூகையைத் தூரத்திலிருந்து பாருங்கள். இதய வடிவ வெள்ளை முகம். அந்த முகத் தட்டுதான் அதற்குக் காது மடல், ஒலியைச் சேர்த்துத் துளைக்கு அனுப்புகிறது. இறகுக்குள் மறைந்திருக்கும் இரண்டு காதுகளும் ஒரே மட்டத்தில் இல்லை. இடது காது உயரத்தில் இருந்து கீழ்நோக்கியும், வலது காது சற்றுத் தாழ்ந்து மேல்நோக்கியும் திறக்கின்றன. கீழேயிருந்து வரும் ஒலி இடது காதில் ஓங்கிக் கேட்கும், மேலேயிருந்து வந்தால் வலது காதில். நம் மடலின் மேடுபள்ளம் செய்யும் வேலையை இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் துல்லியமாகச் செய்கிறது. கும்மிருட்டு அறையில், எலி நகரும் ஒலியை மட்டும் வைத்தே கூகை பாய்ந்து பிடிக்கும் என்று அமெரிக்க ஆய்வாளர் ராஜர் பெய்ன் சோதித்துக் காட்டினார்.

கொம்பன் ஆந்தையின் தலையில் நிமிர்ந்து நிற்பவை காது அல்ல. வெறும் இறகு.

ஐந்தாம் படி: பல்லி, ஓணான், தவளை, பாம்பு

டியூப்லைட் பக்கத்தில் பூச்சிக்குக் காத்திருக்கும் பல்லியை போனில் பெரிதாக்கிப் படமெடுங்கள். கண்ணுக்குப் பின்னால், வாய் முடியும் இடத்துக்குச் சற்று மேலே ஒரு சின்னப் பள்ளம். அதுதான் காது. செவிப்பறை கொஞ்சம் உள்ளே. பல்லி வகைகள் சிலவற்றில் ஒரு காதில் வெளிச்சம் அடித்தால் மறு காது வழியாக ஒளி தெரியும், இடையில் வாய்க்குழி மட்டுமே இருப்பதால். இந்தத் திறப்பு வீணாக இல்லை. ஒரு பக்கம் வரும் ஒலி அந்தப் பக்கச் செவிப்பறையை வெளியிலிருந்து தள்ளுகிறது, தலைக்குள் புகுந்து மறுபக்கத்துச் செவிப்பறையை உள்ளிருந்தும் தள்ளுகிறது. ஒலி வரும் பக்கத்தைப் பொறுத்து ஒரு பறை அதிகமாகவும் மற்றது குறைவாகவும் அதிரும். தலை சின்னது, மடல் இல்லை, காது திரும்பாது, இருந்தும் திசை தெரிந்துவிடுகிறது.

ஓணானுக்குச் செவிப்பறை வெளியிலேயே வட்டமாகத் தெரியும். பச்சோந்தியைப் பார்த்தால் தேடிக் களைக்க வேண்டாம், வெளிக்காதுத் துளையே கிடையாது.

பல்லிக்கும் பறவையைப் போல ஒரே காதெலும்புதான். நம்முடைய மற்ற இரண்டும், அதாவது சுத்தியும் பட்டடையும், எங்கிருந்து வந்தன? தாடையிலிருந்து. பல்லியின் தாடை மூட்டில் இன்றும் எலும்புகளாக இருப்பவை, பாலூட்டிகளின் பரிணாமத்தில் சிறுத்து நகர்ந்து காதுக்குள் போய்விட்டன. கரு வளர்ச்சியைக் கவனித்து ஜெர்மானிய உடற்கூற்றாளர் கார்ல் ரெய்ஷர்ட் 1837லேயே இந்தத் தொடர்பைச் சொல்லிவிட்டார். பிறகு கிடைத்த புதைபடிவங்கள் இடைப்பட்ட நிலைகளையும் காட்டின.

மழைக்குப் பிறகு குட்டைப் பக்கம் டார்ச் அடித்தால் தவளைகள் அசையாமல் இருக்கும். கண்ணுக்குப் பின்னால் தோலோடு தோலாக ஒரு வட்டம், அது செவிப்பறை. சில இனங்களில் ஆணுக்கு அந்த வட்டம் கண்ணைவிடப் பெரியது. போர்ட்டோ ரிக்கோவில் கோக்கி என்றொரு தவளை, தன் பெயரையே கத்தும். "கோ" என்ற பகுதி மற்ற ஆண்களுக்கு எச்சரிக்கை, "கீ" என்ற பகுதி பெண்ணுக்கு அழைப்பு. ஆணின் காது முதல் பகுதிக்கும் பெண்ணின் காது இரண்டாம் பகுதிக்கும் கூர்மையாக இருக்கிறது என்று 1976இல் கண்டுபிடித்தார்கள். ஒரே இனம், ஒரே குட்டை, ஆனால் கேட்பது வேறு வேறு.

பாம்புக்குத் துளையும் இல்லை, செவிப்பறையும் இல்லை. உள்காது உண்டு. ஒற்றைக் காதெலும்பு தாடையோடு இணைந்திருக்கிறது. தரையின் அதிர்வு தாடை வழியாக உள்ளே போகும். காற்றில் வரும் தாழ்ந்த ஒலியும் மண்டையோட்டை அதிரவைத்துக் கொஞ்சம் கேட்கும். ஆனால் மகுடி முன் அது ஆடுவது இசைக்காக இல்லை, பாம்பாட்டியின் கையசைவைப் பின்தொடர்ந்துதான்.

ஆறாம் படி: இருட்டிய பிறகு

இரவில் விடாமல் கிர்ரிடும் சிள்வண்டு ஒன்று வீட்டுக்குள் வந்தால் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து மூடி, முன்னங்காலை லென்ஸில் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே வெளிறிய நீள்வட்டம் ஒன்று தெரியும். காது அங்கேதான். இரண்டு முன்னங்கால் காதுகளையும் உடம்புக்குள் காற்றுக்குழாய் இணைக்கிறது. பல்லியிடம் பார்த்த அதே உத்தி, வேறு உறுப்பில். பெண் பூச்சி இருட்டில் ஆணின் குரலை நோக்கி நேராக நடந்து போக முடிவது இதனால்தான். பார்த்து முடித்ததும் வெளியே விட்டுவிடுங்கள்.

வெட்டுக்கிளிக்கு இறக்கைக்கு அடியில், வயிற்றின் தொடக்கத்தில். கும்பிடுபூச்சிக்கு மார்பின் அடியில், நடுக்கோட்டில், ஒரே ஒரு காது. அமெரிக்காவின் யாகர், ஹாய் என்ற இருவர் 1986இல்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். ஒரே காது என்பதால் திசை தெரியாது. பறக்கும்போது வௌவாலின் மீயொலி கேட்டால் கும்பிடுபூச்சி எந்தப் பக்கம் என்று பார்ப்பதில்லை, அப்படியே குட்டிக்கரணம் போட்டுக் கீழே விழுகிறது. அந்த அளவு தகவல் அதற்குப் போதும்.

அடித்த கொசுக்களில் உணர்கொம்பு இறகுபோல அடர்ந்திருந்தால் அது ஆண். அந்தக் கொம்பின் அடியில் இருக்கும் உறுப்பில் ஏறத்தாழ 15,000 உணர்வுச் செல்கள். பெண்ணின் இறக்கை எழுப்பும் ரீங்காரத்தைத் தேடிப் போவதற்காகவே இவ்வளவும்.

வௌவாலுக்கு இரண்டு இடம் போங்கள். பகலில், ஆலமரத்திலோ புளியமரத்திலோ கூட்டமாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால்களைத் தொலைநோக்கியில் பாருங்கள். நாய் முகம், பெரிய கண், எளிமையான சின்னக் காது. இவை எதிரொலியை வைத்துப் பறப்பவை அல்ல. கண்ணும் மூக்கும் போதும். மாலையில் தெருவிளக்கைச் சுற்றி வெட்டி வெட்டிப் பறக்கும் சின்ன வௌவால்கள் வேறு. அவை மீயொலியைக் கத்தி, பூச்சியில் பட்டுத் திரும்புவதைக் கேட்டுப் பிடிக்கின்றன. 1790களில் இத்தாலியின் ஸ்பல்லன்ஸானி, கண் தெரியாத வௌவாலும் நன்றாகப் பறக்கிறது, காதை அடைத்தால் முட்டிக்கொள்கிறது என்று கண்டார். ஏன் என்பது டொனால்ட் கிரிஃபின் மீயொலியைப் பதிவு செய்த 1938க்குப் பிறகுதான் புரிந்தது. தன் கத்தல் தன் காதையே கெடுக்காமலிருக்க, ஒவ்வொரு முறை கத்தும்போதும் நடுக்காதுத் தசை இறுகித் தளர்கிறது.

மதுரைப் பக்கத்தில் நடந்த ஓர் ஆய்வை இங்கே சொல்லியாக வேண்டும். பழைய கட்டடங்களிலும் குகைகளிலும் தங்கும் மெகாடெர்மா லைரா என்ற வௌவாலுக்குக் காதுகள் மிகப் பெரியவை, உச்சந்தலையில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். ஜி. மாரிமுத்துவும் ஜெர்மனியின் கெர்ஹார்ட் நாய்வைலரும் 1987இல் வெளியிட்ட முடிவு, தவளையைப் பிடிக்க அது பெரிதும் நம்புவது தவளை நகரும் சரசரப்பைத்தான் என்பது. தவளை அசையாமல் இருந்தால் தப்பித்துவிடும். எதிரொலி கேட்கத் தெரிந்த விலங்கே, தரையில் இரை தேடும்போது கூகையின் வழிக்கு வந்துவிடுகிறது.

ஏழாம் படி: மீன் தலை

கத்தாழை மீன் வாங்கும் நாளில் தலையைக் குழம்பில் போடுங்கள். வெந்த பிறகு மண்டையைப் பிளந்தால், மூளை இருந்த இடத்துக்குக் கீழே இரண்டு வெள்ளைக் கற்கள் கிடைக்கும். அவை மீனின் காதுக் கற்கள். எல்லா எலும்பு மீன்களுக்கும் உண்டு, கத்தாழை வகையில் பெரிதாக இருப்பதால் புதியவர்களுக்கு அதுவே வசதி.

மீனின் உடம்பும் தண்ணீரும் கிட்டத்தட்ட ஒரே அடர்த்தி. ஒலி வந்தால் மீன் மொத்தமாகத் தண்ணீரோடு அசையும், கனமான கல் மட்டும் பின்தங்கும். அந்த வித்தியாசத்தைக் கல்லுக்கடியில் இருக்கும் நுண்மயிர்ச் செல்கள் உணர்கின்றன. செல்கள் பல திசைகளைப் பார்த்து அமைந்திருப்பதால் எந்தப் பக்கம் அசைவு என்பதும் தெரிகிறது. மடலோ துளையோ தேவைப்படவில்லை. கெண்டை, கெளுத்தி வகைகளில் கூடுதலாக ஒரு வசதி உண்டு. காற்றுப்பையிலிருந்து உள்காது வரை சின்ன எலும்புகளின் சங்கிலி. 1820இல் எர்ன்ஸ்ட் வெபர் விவரித்தது. இவற்றுக்கு மற்ற மீன்களைவிட நன்றாகக் கேட்கும்.

கல்லைக் கழுவிக் காயவைத்து லென்ஸில் பாருங்கள். குறுக்கே அறுத்துத் தேய்த்தால் உள்ளே வளையங்கள் தெரியும். மீன்வள ஆய்வாளர்கள் அவற்றை எண்ணித்தான் மீனின் வயதைக் கணக்கிடுகிறார்கள்.

எட்டாம் படி: யானை

இதை கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. இதுவரை பார்த்தவற்றை வைத்து யானையின் காதை நீங்களே ஊகிக்க முடியும். தலை மிகப் பெரியது, இரண்டு காதுக்கும் இடையில் தூரம் அதிகம், எனவே கூர்மையான ஒலி தேவைப்படாது. ஹெஃப்னர் இணையர் ஓர் ஆசிய யானையைச் சோதித்தபோது மேல் எல்லை சுமார் 12,000 ஹெர்ட்ஸ்தான் வந்தது. நம்மைவிடக் குறைவு. கீழே சுமார் 17 ஹெர்ட்ஸ் வரை கேட்டது. திசை காண்பதில் நமக்கு நிகராக ஒரு டிகிரி அளவு துல்லியம். 1984இல் போர்ட்லேண்ட் உயிரியல் பூங்காவில் ஆசிய யானைகளின் அருகில் நின்ற கேட்டி பெய்ன், காதில் எதுவும் விழாமலேயே காற்று அதிர்வதை உடம்பில் உணர்ந்தார். யானைகள் குற்றொலியில், அதாவது நமக்குக் கேட்காத அளவு தாழ்ந்த ஒலியில், பேசிக்கொள்கின்றன என்பது அப்படித்தான் வெளிவந்தது. கூகையைச் சோதித்த ராஜர் பெய்னின் மனைவியாக அப்போது இருந்தவர் அவர்.

அந்தப் பெரிய மடல் கேட்பதற்கு மட்டும் இல்லை. பின்பக்கம் தோல் மெல்லியது, ரத்தக் குழாய்கள் நிறைந்தது. விசிறும்போது அங்கே ரத்தம் குளிர்கிறது. வெயில் ஏறும்போது விசிறல் கூடுவதை முதுமலை தெப்பக்காடு முகாமிலோ, ஊர்க் கோயிலிலோ நிழலில் நின்று எண்ணிப் பார்க்கலாம்.

ஒவ்வொரு யானையையும் காதை வைத்தே அடையாளம் காணலாம். நோட்டில் இடது காது, வலது காது என்று தனித்தனியாகக் கோட்டோவியம் போடுங்கள். மேல்விளிம்பு மடிந்திருக்கிறதா, எந்தப் பக்கம், எவ்வளவு என்று பாருங்கள். இளம் யானைக்கு மடிப்பு இருக்காது, வயது ஏற ஏறக் கூடும். கீழ் விளிம்பில் கிழிசல், நடுவில் துளை, வெளிறிய இளஞ்சிவப்புத் திட்டு இருந்தால் அந்தந்த இடத்தில் குறியுங்கள். முகாமில் பாகனிடம் கேட்டால் அந்த யானையின் பெயரும் வயதும் சொல்வார். பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த யானையையும் அதே பக்கத்தில் வரையாமல் புதிய பக்கத்தில் வரையுங்கள். ஆண்டுதோறும் திரும்பிப் போய்ச் சேர்க்க இடம் வேண்டும்.